எஞ்சின் ஓய்ந்தபின் நான்கு நிமிஷங்கள்

2015-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி பிற்பகலில், கலிபோர்னியாவின் பசிபிக் கடற்கரையை அடுத்துள்ள ஸான்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து, இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவ விமானிகளைப் பழக்குவதற்காக 1942-இல் செய்யப்பட்ட ரையன் பிடி-22 என்னும் பழைய ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று, தனியொரு மனிதரைச் சுமந்துகொண்டு மேலெழுந்தது. அதை ஓட்டிச் சென்றவர் ஹாலிவுட் நடிகர் ஹாரிஸன் ஃபோர்டு. அப்போது அவருக்கு வயது 72. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 அடி உயரத்தை எட்டியிருந்த சமயத்தில் எஞ்சின் தன் வலுவை இழந்தது. அதை மறுபடி உயிர்ப்பிக்கும் முயற்சியில் அவர் இறங்கவில்லை. மணிக்கு 85 மைல் என்ற வேகத்தைக் குலையாமல் காத்துக்கொண்டு, எஞ்சின் பழுதுபட்டது, உடனே திரும்புகிறேன் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சுருக்கமாகத் தெரிவித்துவிட்டு, இடப்புறமாக நிலையத்தை நோக்கித் திரும்பினார். ஆனால் ஓடுபாதை எட்டாது என்பது சிறிது நேரத்தில் தெரிந்துபோயிற்று. தெரிந்த கணத்தில் அவர் ஓடுபாதையை மனத்திலிருந்து அகற்றிவிட்டு, நிலையத்தை ஒட்டினாற்போல் கிடந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தின் புல்வெளியைத் தேர்ந்துகொண்டார். உயரமான ஒரு மரத்தின் உச்சியில் உராய்ந்து, விமானம் அந்தப் புல்லின்மேல் விழுந்தது. எலும்புகள் முறிந்தன, உயிர் தங்கியது, தரையிலிருந்த ஒருவருக்கும் தீங்கு நேரவில்லை. அங்கே கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்த முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் ஓடிவந்து முதல் சிகிச்சை செய்தார்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தார் அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது, கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடுகிற சிறு திருகு தன் இருப்பிடத்திலிருந்து கழன்று திரும்பியிருக்கக் கண்டார்கள். அளவுக்கு மிஞ்சிய பெட்ரோல் பாய்ந்து, காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதம் கெட்டு, எஞ்சின் திணறி ஓய்ந்திருக்கிறது. விமானம் புதுப்பிக்கப்பட்ட காலத்தில், அதாவது ஏறக்குறைய 17 ஆண்டுகளுக்கு முன்னர், அந்தக் கார்புரேட்டர் செப்பனிடப்பட்டது. அதன்பின் விமானம் பறந்தது 169 மணி நேரம். அந்தத் திருகை இடையிடையே சோதிக்க வேண்டும் என்று எந்தப் பராமரிப்புக் குறிப்பிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. தோளைத் தாங்கும் பட்டை ஆசனத்தின் முதுகோடு பலமான ஆதாரமின்றிப் பொருத்தப்பட்டிருந்தது காயங்களை அதிகப்படுத்தியது என்றும் அறிக்கை கூறியது. பழுது எப்படி வருகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். பதினேழு ஆண்டுக் காலம் ஒளிந்திருந்த ஒரு குறை, மனிதனுடைய ஜாக்கிரதைக்குப் பிடிபடாமல், அவன் மிகவும் தாழப் பறந்துகொண்டிருக்கும் வேளையில் வெளிப்படக்கூடும்.

பழுதுக்கு அந்த மனிதர் பொறுப்பல்ல. ஆனால் பழுதுக்குப் பின் நிகழ்ந்தவை அவருடைய செயல்கள். அவற்றில் என் மனத்தைக் கவர்ந்தது அவர் அடுத்தடுத்துக் கைவிட்ட பொருள்கள்தாம்: முதலில் எஞ்சினைக் கைவிட்டார், பிறகு ஓடுபாதையைக் கைவிட்டார், கடைசியில், அருமையாகப் போற்றி வைத்திருந்த விமானத்தையே கைவிட்டார். வேகம் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. சிறிய விமானத்தில் எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்பதைப்பற்றிப் பல பக்கங்கள் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். எனினும் அத்தனை விதிகளுக்கும் அடியில் இருப்பது எதைப் பற்றி நிற்பது, எதை விட்டுவிடுவது என்னும் விவேகமே என்று நான் கருதுகிறேன். வேண்டாத பற்றினால் மாண்டவர்களின் வரலாறு விபத்து அறிக்கைகளில் ஏராளமாக உண்டு.

எஞ்சின் நின்றவுடன் விமானம் கல்லைப்போல் வீழ்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் நம்மில் மிகப் பலர். விமானத்தைத் தாங்குவது எஞ்சின் அன்று. சிறகின்மேல் ஓடும் காற்று. எஞ்சின் செய்வதெல்லாம் அந்தக் காற்று ஓட்டம் குறையாதபடி விமானத்தை முன்னே இழுத்துச் செல்வதுதான். அது ஓய்ந்துவிட்டால், மேட்டிலிருந்து இறங்கும் சைக்கிள் மிதிக்காமலே உருள்வதுபோல், விமானம் தன் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு வேகத்தைப் பெற்றுக்கொள்ளும். அதற்கு மூக்கைச் சற்றுத் தாழ்த்திக் கொடுத்தால் போதும். உலகத்திலேயே மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானமாகிய செஸ்னா 172, எஞ்சின் உதவியின்றி ஓர் அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே செல்லும். 3,000 அடி உயரத்தில் எஞ்சின் நின்றால், காற்றில்லாத நாளில், சுமார் எட்டுக் கிலோமீட்டர் தூரம் அது சறுக்கிப் பறக்கும். அதற்கென விதிக்கப்பட்ட வேகம் 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர்; ஆகவே தரையைத் தொடுவதற்கு முன்னால் விமானிக்குக் கிடைக்கும் அவகாசம் நான்கு நிமிஷம்.

இந்த வேகம் விருப்பம்போல் கூட்டிக் குறைக்கத் தக்கது அன்று. அதற்குமேல் விரைந்தால் காற்றின் தடை மிகுந்து தூரம் குறையும். அதற்குக் கீழே தளர்ந்தாலும் தூரம் குறையும். மேலும் தளர்ந்தால் சிறகின்மேல் படிந்து ஓடும் காற்று பிரிந்து, தாங்கும் சக்தி திடீரென்று அற்றுப்போகும். விமானிகள் ஸ்டால் என்று சொல்லும் இந்த நிலைதான் உண்மையான யமன். இதில் மனித சுபாவம் நமக்கு விரோதியாக நிற்கிறது. பூமி நெருங்கி வருவதைக் காண்கிறவன், கையிலிருக்கும் கோலைத் தன்னை அறியாமல் பின்னுக்கு இழுக்கிறான். மூக்கு உயர்ந்தால் பூமி விலகும் என்று உடல் நம்புகிறது. மூக்கு உயர உயர வேகம் போய்விடுகிறது. சறுக்கி இறங்கிவந்து கரடுமுரடான வயலில் மோதிய விமானத்திலிருந்து மனிதர்கள் நடந்தே வெளிவந்திருக்கிறார்கள். வயலுக்குமேல் நூறு அடி உயரத்தில் ஸ்டால் ஆகி, மூக்குக் குத்திட விழுந்த விமானத்திலிருந்து வெளிவந்தவர்கள் மிக அரியர்.

எழும்பிச் செல்லும்போது எஞ்சின் ஓய்வது எல்லாவற்றிலும் கொடியது. அப்போது விமானத்தின் மூக்கு வானத்தை நோக்கியிருக்கிறது, வேகம் குறைவாக இருக்கிறது, உயரமோ கையிருப்பில் இல்லை. விமானி திகைத்திருக்கும் இரண்டு மூன்று விநாடிகளுக்குள் மூக்கைத் தாழ்த்தாவிட்டால் வேகம் கரைந்துவிடும். அப்படித் தாழ்த்திய மறுகணம், முதுகுப்புறத்தில் விட்டுவந்த ஓடுபாதையின் நினைவு அவனைப் பிடித்து இழுக்கத் தொடங்குகிறது. இத்தனை நேரம் தன்னைத் தாங்கி நின்ற அந்த நீண்ட, சமமான பாதை அதோ பின்னால் கிடக்கிறது, முன்னாலோ மரமும் வீடும் வேலியுமாகத் தெரிகிறது, திரும்பிவிட்டால் என்ன?

திரும்புவதன் கணக்கைத் தரையில் உட்கார்ந்து நிதானமாகப் போட்டுப் பார்க்கவேண்டும். விநாடிக்கு மூன்று பாகை என்ற சாதாரண வீதத்தில் திரும்பினால், எதிர்த்திசையை அடைவதற்கே ஒரு நிமிஷம் ஆகிறது. அந்த ஒரு நிமிஷத்தில் செஸ்னா போன்ற விமானம் 700 அடிக்குமேல் இறங்கிவிடும். எதிர்த்திசையை அடைந்த பிறகும் அது ஓடுபாதையின் நேரே நிற்பதில்லை. பக்கவாட்டில் விலகி நிற்கிறது. ஆகையால் இன்னும் திரும்பி, மறுபடி எதிர்ப்பக்கம் வளைந்து நேராக வேண்டும். விரைவில் திரும்புவதற்காகச் சிறகை அதிகமாகச் சாய்த்தால், 45 பாகைச் சாய்வில் ஸ்டால் ஆகும் வேகம் 19 சதவிகிதம் உயர்கிறது. 60 பாகையில் 41 சதவிகிதம் உயர்கிறது. எல்லாம் சரியாக முடிந்தாலும், புறப்படும்போது முகத்தில் வீசிய காற்று இப்போது முதுகிலிருந்து தள்ளுவதால், தரையைத் தொடும் வேகம் அதிகமாகிவிடும். போதிய உயரம் இருந்தால் திரும்பலாம் என்பது உண்மையே. அந்த உயரம் எவ்வளவு என்பதை அந்தந்த விமானி தன்னுடைய விமானத்தை உயரே கொண்டுபோய்ப் பாவனையாகச் செய்து பார்த்து, திகைப்புக்கென்று சில விநாடிகளையும் சேர்த்து, முன்கூட்டியே அறிந்து வைத்திருக்க வேண்டும். அவ்வுயரத்துக்குக் கீழே எஞ்சின் நின்றால் முன்னே கிடப்பதில் எது மென்மையானதோ அதுவே அவன் இறங்குமிடம். சிறிதளவு இடமோ வலமோ ஒதுங்கலாம், அதற்குமேல் ஆசைப்படலாகாது.

உயரப் பறந்துகொண்டிருக்கையில் எஞ்சின் ஓய்வது வேறு விதமான சோதனை. அங்கே அவகாசம் இருக்கிறது, அந்த அவகாசத்தை வீணாக்கும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. சினிமாவில் காட்டுவதுபோல் திடீரென்று மௌனம் சூழ்ந்துவிடுவதுகூட இல்லை. எதிர்க்காற்றில் விசிறி பெரும்பாலும் சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சுழற்சியைக் கண்டு எஞ்சின் இன்னும் ஏதோ செய்துகொண்டிருக்கிறது என்று ஏமாந்து போகிறவர்களும் உண்டு. பயிற்சி பெற்ற விமானி முதலில் சறுக்கு வேகத்தை அமைத்துக்கொண்டு, அந்த வேகம் தானே நிற்கும்படி விமானத்தைச் சமன் செய்கிறான். அடுத்து, இறங்கத்தக்க இடத்தைப் பார்த்து அதை நோக்கித் திருப்புகிறான். அதன் பிறகே எஞ்சினுக்கு என்ன நேர்ந்தது என்று ஆராய்கிறான். பேச்சு எல்லாவற்றுக்கும் பின்னால்தான். 121.5 மெகாஹெர்ட்ஸ் அலையில் மேடே என்ற ஆபத்து அழைப்பை மும்முறை கூறித் தான் இருக்குமிடத்தைச் சொல்வதும், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் 7700 என்ற எண்ணைத் திருப்பி வைப்பதும் அவசியமானவையே. ஆயினும் ரேடியோவின் மறுமுனையில் இருப்பவர் விமானத்தைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

எஞ்சின் நிற்பதற்குரிய காரணங்கள் பல. உலோகம் முறிவதும் உண்டு, எண்ணெய் வற்றுவதும் உண்டு. ஆயினும் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை, குறையொன்றும் இல்லாத எத்தனையோ எஞ்சின்கள் பெட்ரோல் இல்லாமையால் நின்றிருக்கின்றன என்பது. தொட்டி வறண்டு போயிருக்கும்; அல்லது ஒரு தொட்டி வறண்டு, மற்றொன்று நிறைந்திருந்தும், மாற்றிவிடும் திருகு திருப்பப்படாமல் இருக்கும். பகலில் பறப்பவர்கள் சேருமிடம் சேர்ந்த பின்னும் 30 நிமிஷத்துக்கான எரிபொருளும், இரவில் பறப்பவர்கள் 45 நிமிஷத்துக்கான எரிபொருளும் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க விதி கூறுகிறது. புறப்படுவதற்கு முன் ஒவ்வொரு தொட்டியின் அடியிலிருந்தும் சிறிது பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது விமானிகளின் நித்திய அனுஷ்டானம். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானதாகையால் அடியில் தங்கி, நீலச் சாயமிட்ட பெட்ரோலுக்குக் கீழே நிறமற்றுத் தெரியும்.

இவற்றைக்காட்டிலும் நுட்பமான எதிரி ஒன்று உண்டு. அது கார்புரேட்டரில் உறையும் பனிக்கட்டி. கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று விரைந்து பாய்வதாலும், பெட்ரோல் ஆவியாவதாலும், அங்கே வெப்பம் 30 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சட்டென்று வீழ்ந்துவிடக்கூடும். காற்றில் ஈரம் இருந்தால் அது உறைந்து தொண்டையை அடைக்கத் தொடங்குகிறது. பனி பெய்யும் தேசங்களுக்கே உரிய தொல்லை இது என்று நினைத்துவிடக் கூடாது. வெளியே வியர்வை வழியும் வெயிலிலும், காற்றில் போதிய ஈரமிருந்தால், இது நிகழக்கூடும். இதற்குப் பரிகாரம் எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றைக் கார்புரேட்டருக்குள் திருப்பிவிடும் ஒரு கைப்பிடி. ஆனால் அதை இழுத்தவுடன், உருகிய பனி நீராகி எஞ்சினுக்குள் புகுவதால், அது முன்னைவிட அதிகமாகத் தடதடக்கும்; பழக்கமில்லாதவன் அஞ்சி, மருந்தே நோயென்று எண்ணிக் கைப்பிடியைத் திரும்பத் தள்ளிவிடுகிறான். சில விநாடிகள் பொறுத்தால் எஞ்சின் தெளிந்துவிடும். பொறுக்காமல் விபத்துக்குள்ளானவனுடைய எஞ்சினைப் பிற்பாடு சோதிப்பவர்களுக்கு ஒன்றும் அகப்படுவதில்லை. சாட்சியமாகிய பனிக்கட்டி அவர்கள் வருவதற்குள் உருகிப் போயிருக்கும்.

தீப்பொறியை உண்டாக்கும் மாக்னெட்டோக்கள் விமான எஞ்சினில் இரண்டிரண்டாக அமைந்திருக்கின்றன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். ஒன்று கெட்டாலும் மற்றொன்று நடத்திச் செல்லும். முற்காலத்தில் இந்த பிளக்குகள் படுத்திய பாட்டை எண்ணும்போது 1930-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியே பறந்து செல்லும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அளிப்பதாக அறிவித்த பரிசுக்காக, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து மேற்கே பறந்தார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே பறந்தார். எகிப்தில் அபூகீர் என்ற இடத்தில் டாடா இறங்கியபோது, பிளக் இல்லாமையால் மேலே செல்ல வழியின்றி ஆஸ்பி தவித்துக்கொண்டிருக்கக் கண்டு, தம்மிடம் உபரியாக இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டார். பரிசை ஆஸ்பி வென்றார். பின்னாளில் அவர் இந்திய விமானப் படையின் தளபதியாகவும் உயர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1932 அக்டோபரில், டாடா கராச்சியிலிருந்து பம்பாய் வரை கொண்டுவந்த தபாலை, விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியே சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் ஒற்றை எஞ்சின் கொண்ட பஸ் மாத் விமானத்தில்தான். அக்காலத்து விமானிகள் வழிநெடுக எங்கே இறங்கலாம் என்று பார்த்துக்கொண்டே பறந்தார்கள். எஞ்சின்கள் நம்பத்தக்கவையாக ஆகிவிட்ட பிறகு அந்தப் பார்வை மங்கிவிட்டது என்பதே என் கவலை.

எரிபொருளைப்பற்றிப் பேசும்போது பாப் ஹூவரைக் கூறாமல் விடமுடியாது. 1947-இல் சக் யேகர் ஒலியின் வேகத்தைக் கடந்த திட்டத்தில் அவருக்கு மாற்று விமானியாக நியமிக்கப்பட்டிருந்தவர் இவர். பிற்காலத்தில் இரண்டு எஞ்சின்களையும் வேண்டுமென்றே அணைத்துவிட்டு, உயரத்தையும் வேகத்தையும் ஒன்றையொன்றாக மாற்றிக்கொண்டே, ஷ்ரைக் கமாண்டர் விமானத்தை வானில் புரட்டிக் காட்டி, மௌனமாக வந்து தரையில் நிறுத்துவதைத் தம்முடைய காட்சியாகக் கொண்டிருந்தார். அப்படிப்பட்டவருடைய விமானத்தில், ஸான் டியேகோவை அடுத்த ஒரு நிலையத்தில், பெட்ரோலுக்குப் பதிலாக ஜெட் எரிபொருள் நிரப்பப்பட்டுவிட்டது. குழாய்களில் மிஞ்சியிருந்த பெட்ரோல் விமானத்தை மேலெழுப்பப் போதுமானதாக இருந்தது. சற்றே உயரம் சென்றதும் இரண்டு எஞ்சின்களும் ஓய்ந்தன. ஹூவர் ஒரு பள்ளத்தாக்கில் விமானத்தை இறக்கினார்; விமானம் சிதைந்தது; அதிலிருந்த எல்லோரும் பிழைத்தார்கள். திரும்பி வந்தவர், எரிபொருள் நிரப்பிய இளைஞனைத் தேடிச் சென்று, நாளை என் விமானத்துக்கு நீயே எரிபொருள் நிரப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஜெட் எரிபொருள் குழாயின் வாய் பெட்ரோல் தொட்டியின் வாய்க்குள் நுழையாதபடி வேறு வடிவில் செய்யும் முறை அதன்பின் வந்தது. அந்த வாய்க்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

எஞ்சினை மீட்கும் முயற்சியே மனிதனைக் கொன்ற கதையும் உண்டு. 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி, கிராமியப் பாடல்களால் உலகம் அறிந்த ஜான் டென்வர், கலிபோர்னியாவில் மான்ட்டரே விரிகுடாவின்மேல், தாம் புதிதாக வாங்கியிருந்த லாங் இஸீ என்ற சிறு விமானத்தில் பறந்துகொண்டிருந்தார். வீட்டில் வைத்தே கட்டிக்கொள்ளத்தக்க விமானம் அது. அதைக் கட்டியவர், தொட்டியை மாற்றும் திருகை மூல வரைபடத்தில் காட்டிய இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தொட்டி என்ற குறிப்பும் அதில் இல்லை. எரிபொருள் குறைவாக இருந்தும், சிறிது நேரமே பறக்கப்போகிறோம் என்று எண்ணி, டென்வர் நிரப்பிக்கொள்ளவில்லை. அந்தத் திருகை எட்டுவதற்கு உடம்பை முழுவதும் திருப்பவேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் சுக்கான் மிதியை அழுத்திவிடுகிறது என்பதை, ஆராய்ந்தவர்கள் அதேபோன்ற விமானத்தில் உட்கார்ந்து பார்த்து உறுதி செய்தார்கள். விமானம் கட்டுக்கு அடங்காமல் கடலில் பாய்ந்தது. அந்த விமானம் சறுக்கிப் பறப்பதில் மிகவும் திறமையானது என்பதை நினைக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. திருகை அதன்போக்கில் விட்டுவிட்டு நேரே பறந்திருந்தால், நீரிலோ கரையிலோ ஏதோ ஒருவிதமாக இறங்கியிருக்கலாம்.

இறங்கும் இடத்தைத் தேர்வது தனியொரு கலை. உயரத்திலிருந்து பார்க்கையில் எல்லா நிலமும் சமமாகத் தெரியும். சரிவு தெரியாது, வேலி தெரியாது. மின்கம்பியைக் காண்பதற்கில்லை; கம்பத்தைத்தான் தேடவேண்டும், கம்பங்கள் இரண்டு தெரிந்தால் நடுவே கம்பி உண்டென்று கொள்ளவேண்டும். சாலை நெஞ்சை அள்ளும். ஆனால் அதன்மேல் வண்டிகளும், ஓரத்தில் கம்பிகளும், அறிவிப்புப் பலகைகளும் இருக்கும். உழுத நிலமாயின் உழவுச் சால்களின் போக்கிலேயே இறங்கவேண்டும். குறுக்கே இறங்கினால் சக்கரம் சிக்கி விமானம் கவிழும். இத்தனையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தபின், அதைவிட நல்லதாக வேறொன்று தூரத்தில் தென்பட்டாலும் மனம் மாறக்கூடாது. மாறி மாறி அலைந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். தேர்ந்த இடத்தை எட்டுவோமா என்பதை அறிவதற்கு, வொல்ஃப்காங் லாங்கவீஷ் 1944-இல் வெளியிட்ட ஸ்டிக் அண்ட் ரடர் என்னும் புத்தகத்தில் விளக்கிய உபாயம் இன்றளவும் விமானிகளுக்குக் கைகொடுக்கிறது. முன்கண்ணாடியில் எந்த இடம் மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் அசையாது நிற்கிறதோ, அங்கேதான் விமானம் போய்ச்சேரும். வயல் கண்ணாடியில் மேலேறிக்கொண்டே போனால் அது எட்டாது, கீழிறங்கிக்கொண்டே வந்தால் உயரம் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சிய உயரத்தை, சிறகின் பின்னோரத்திலுள்ள ஃபிளாப்பை இறக்கியோ, பக்கவாட்டில் சாய்ந்து வழுக்கியோ கழித்துவிடலாம். குறைந்த உயரத்தைக் கூட்டுவதற்கு ஒரு வழியும் இல்லை.

காற்றை எதிர்த்து இறங்கவேண்டும் என்பதற்குள்ள காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் அணுகும் விமானம், 25 கிலோமீட்டர் காற்றை எதிர்த்து வந்தால் தரையை 85 கிலோமீட்டர் வேகத்தில் தொடும்; அதே காற்று முதுகில் தள்ளினால் 135. மோதலின் உக்கிரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், இரண்டாவது மோதல் முதலாவதைக் காட்டிலும் இரண்டரை மடங்கு கொடியது. சிறிய விமானங்கள் முன்னோக்கிய மோதலில் புவியீர்ப்பைப்போல் ஒன்பது மடங்கு விசையைத் தாங்கும்படி அமைக்கப்படுகின்றன. அந்த விசைக்குள் அடங்கி நிற்பதற்கு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானத்துக்கு வேண்டிய தூரம் மூன்று மீட்டருக்கும் குறைவு. வேகம் 160 ஆனால் பதினொரு மீட்டர் வேண்டும். மூன்று மீட்டரைப் புதரோ, பயிரோ, நசுங்கும் சிறகோகூடக் கொடுத்துவிடும். இதனால்தான், இரண்டு மரங்களுக்கு இடையே மூக்கைச் செலுத்திச் சிறகுகளை முறியவிடு என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். நெடுநாள் சேமித்து வாங்கிய விமானத்தின் சிறகைத் தானே முறிக்க ஒருவனுக்கு மனம் வருவது எளிதன்று. ஆனால் விமானத்துக்குச் சேதம் வரக்கூடாது என்று எண்ணி, எட்டாத ஓடுபாதைக்கு நீட்டிப் பறந்தவன் விமானத்தையும் காக்கவில்லை, தன்னையும் காக்கவில்லை. தரை நெருங்கியதும் பெட்ரோலை அடைத்து, மின்சாரத்தை அணைத்து, வார்களை இறுக்கி, மோதலில் சட்டம் நெளிந்து கதவு சிக்கிக்கொள்ளாதபடி அதை முன்னமே திறந்து வைத்துவிடுவது வழக்கம்.

இவற்றையெல்லாம் அந்த நான்கு நிமிஷத்தில் யோசித்துச் செய்ய எவராலும் இயலாது. முன்னமே கைக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்துக்குப் பொதுவாகக் குறைந்தபட்சம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியின்போது ஆசிரியர், சொல்லாமல் கொள்ளாமல் கையை நீட்டி எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிட்டு, இப்போது எங்கே இறங்குவாய் என்று கேட்பது வழக்கம். மாணவன் வயலைத் தேர்ந்து அணுகி, எட்டிவிடுவோம் என்பது உறுதியானதும் எஞ்சினைக் கூட்டி மேலேறிச் செல்வார்கள். உரிமம் கைக்கு வந்தபின் இந்த அப்பியாசத்தை அநேகர் மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆசிரியர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கச் சோம்பக் கூடாது என்று ஒவ்வொரு விமானியையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. அவனுடைய மனைவி மக்கள் அந்தப் பின்னாசனத்தில்தானே உட்கார்ந்து வருகிறார்கள்!

இப்போது வேறொரு உபாயமும் வந்திருக்கிறது. 1980-களில் நடுவானில் இரு விமானங்கள் மோதிய விபத்தில் உயிர் தப்பிய ஆலன் க்ளாப்மையர், தம் சகோதரர் டேலுடன் சேர்ந்து நிறுவிய சிரஸ் கம்பெனியின் விமானங்களில், விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது; அத்தகைய பாராசூட்டுடன் 1998-இல் அங்கீகாரம் பெற்ற எஸ்ஆர்20 இவ்வகையில் முதலாவது. ஃபோர்டு கோல்ஃப் மைதானத்தில் இறங்குவதற்குச் சில வாரங்கள் முன்னர், 2015 ஜனவரி 25-ஆம் தேதி, கலிபோர்னியாவிலிருந்து ஹவாய்த் தீவுகளுக்குத் தனியே பறந்த சிரஸ் விமானி ஒருவர், உபரித் தொட்டியிலிருந்து பெட்ரோலை மாற்ற முடியாமல் நடுக்கடலில் சிக்கினார். கரை எட்டாது என்று முன்கூட்டியே கணித்து, கடலோரக் காவற்படைக்கு அறிவித்து, பயணக் கப்பல் ஒன்று இருக்கும் இடத்தை நோக்கிப் பறந்து, பெட்ரோல் தீரும் தறுவாயில் பாராசூட்டின் கைப்பிடியை இழுத்தார். காவற்படை விமானம் மேலிருந்து படமெடுத்துக்கொண்டிருக்க, சிரஸ் விமானம் குடையில் தொங்கியபடி கடலில் இறங்கியது. அவர் ரப்பர் படகில் ஏறிக்கொண்டார். கப்பல் வந்து அவரை ஏற்றிக்கொண்டது.

ஆயினும் தலைக்குமேல் கைப்பிடி இருந்தும் அதை இழுக்காமல் மாண்டவர்கள் தொடக்க ஆண்டுகளில் பலர் இருந்தார்கள். இன்னும் கொஞ்சம் முயன்றால் ஓடுபாதையை எட்டிவிடலாம், விமானத்தைச் சேதமின்றி இறக்கிவிடலாம் என்ற எண்ணத்திலேயே அவர்கள் குடை விரிவதற்குத் தேவையான உயரத்தை இழந்துவிட்டிருந்தார்கள். இதைக் கண்ட சிரஸ் உரிமையாளர்கள் சங்கத்தாரும் பயிற்சியாளர்களும், கைப்பிடியைக் கடைசிப் புகலாக எண்ணும் பழக்கத்தை மாற்றுவதென்று தீர்மானித்துப் போதனை முறையையே திருத்தி அமைத்தார்கள். இன்று சிரஸ் விமானி, ஓடுபாதையின் முனையில் நின்று எஞ்சினை முடுக்குவதற்கு முன்னர், எந்த உயரம் வரை நேரே முன்னால் இறங்குவது, எந்த உயரத்துக்குமேல் சற்றும் தயங்காமல் கைப்பிடியை இழுப்பது என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறான். மேலெழும்பி அந்த உயரத்தைக் கடக்கும்போது, பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதை மறுபடியும் உரக்கக் கூறுகிறான்.